முதலில் வாளியைக் கீழே வையுங்கள்

விளிம்புவரை தண்ணீர் நிறைந்த படகில் ஒருவன் வாளியோடு நின்று இறைப்பதைப் பார்த்தால் என் தாத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். "கடலை மொண்டு கடலில் ஊற்றுகிறான் பார்" என்பார். அவர் கட்டுமரத்துக்காரர். ஐம்பது வருடம் மரத்தின் மேல் முழங்காலிட்டுத் துடுப்புப் போட்டவர். மரத்தில் தண்ணீர் இறைக்கும் வேலையே கிடையாது. அலை மேலே ஏறும், கட்டைகளின் இடுக்கு வழியே இறங்கிப் போய்விடும். மனிதன் நனைவான், மரம் நனையும், வலை நனையும். மூழ்குவதற்கு அதில் எதுவும் இல்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். தண்ணீர் குடித்த கட்டை கனக்கும் என்பதுதான் அவர்களுடைய ஒரே தண்ணீர்க் கவலை.

(ஆங்கிலேயர் கட்டுமரம் என்ற சொல்லைக் கொண்டுபோய் இரட்டை உடல் படகுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். எங்கள் மரத்துக்கு உடல் இரண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் கட்டைகள்.)

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் எங்கள் ஊரின் கட்டுமரங்கள் எல்லாம் போயின. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள்; மரத்தைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை. அடுத்த வருடத்தில் லாரி லாரியாக ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. அதற்கு முன்பும் எங்கள் கடற்கரையில் ஃபைபர் இருந்தது. ஆனால் வசதி உள்ளவர்களிடம் இருந்தது. இப்போது நாலைந்து பேருக்கு ஒன்று என்று எல்லோருக்கும் கிடைத்தது. எங்கள் வீட்டுப் பங்குக்கு வந்தது 28 அடிப் படகு. பின்னால் நீண்ட தண்டோடு கூடிய டீசல் எஞ்சின். தாத்தா அதைச் சுற்றிச் சுற்றி வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இது படகு இல்லை, தொட்டி" என்றார். அண்டை வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னதில் இருந்த கணக்கு எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. தண்ணீரை வெளியே நிறுத்துகிற சுவர்தான் உள்ளே வந்த தண்ணீரையும் போக விடாமல் நிறுத்துகிறது.

2006 பொங்கலுக்கு முந்தைய வாரம். பாலிடெக்னிக் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். வாடைக்காற்று இன்னும் முழுதாக அடங்கவில்லை. விடியுமுன் தாத்தா, மாமா, மாமாவின் பங்காளி ஒருவர், நான் என்று நாலு பேர் கிளம்பினோம். எங்கள் கரையில் அலை இரண்டு இடத்தில் உடையும். கரையோரம் ஒன்று, மணல்திட்டின் மேல் ஒன்று. அந்த இரண்டாவதைத் தாண்டிவிட்டால் கடல் சமாதானமாகிவிடும். தாண்டும்போதுதான் அடுத்தடுத்து மூன்று அலை எழுந்தன. முதலாவதை அணியம், அதாவது படகின் முன்முனை, ஏறிக் கடந்தது. இரண்டாவது அணியத்தின் மேலேயே விழுந்தது. மூன்றாவது வருவதற்குள் படகுக்கு எழ நேரமில்லை. தண்ணீர் முன்பக்கமாக நுழைந்து எஞ்சினை மூடியது. எஞ்சின் இருமுறை விக்கி நின்றுவிட்டது.

படகு மூழ்கவில்லை என்பதை இங்கே சொல்லவேண்டும். ஃபைபர் என்கிற பொருள் தண்ணீரைவிடக் கனமானது. தனியாகப் போட்டால் அடிக்குப் போய்விடும். அணியத்திலும் பின்முனையான அமரத்திலும் மூடிய பெட்டிகள் வைத்து உள்ளே நுரைப்பொருள் நிரப்பியிருப்பதால்தான் மிதக்கிறது. 100 லிட்டர் அளவுக்கு நுரை இருந்தால் கிட்டத்தட்ட 100 கிலோவைத் தாங்கும். அதனால் எங்கள் படகு விளிம்பு தண்ணீர்மட்டத்துக்குச் சமமாக நிற்க, பாதி உயிரோடு மிதந்தது. உள்ளே இடுப்பளவு கடல். வெளியேயும் கடல். நடுவில் விரல் தடிமனுக்கு ஒரு சுவர்.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதைத்தான். அறுத்த எண்ணெய்க் கேனைப் பிடித்துக்கொண்டு வெறிபிடித்தவன்போல இறைக்கத் தொடங்கினேன். பத்து முறை இறைத்திருப்பேன். ஒரு சின்ன அலை, கோபம்கூட இல்லாத ஓர் அலை, விளிம்பின் மேல் நாக்கை நீட்டி உள்ளே ஊற்றிவிட்டுப் போனது. நான் இறைத்த பத்தும் ஒரே நொடியில் திரும்பி வந்துவிட்டன. தாத்தா என் கையிலிருந்த கேனைப் பறித்து, அதன் கைப்பிடிக் கயிற்றை இருக்கைப் பலகையில் கட்டினார். பிறகு சொன்னார்: "முதலில் நங்கூரம். பிறகு வலை. பிறகு மனிதன். கேன் கடைசியில்."

அந்த வரிசையை இன்றுவரை நான் மறக்கவில்லை. ஏன் அந்த வரிசை என்பது பிறகு இயந்திரவியல் படித்தபோதுதான் துண்டுதுண்டாகப் புரிந்தது.

நங்கூரம் ஏன் முதலில்? எஞ்சின் இல்லாத படகைக் காற்றும் அலையும் கரைப்பக்கம் தள்ளும். கரைப்பக்கம் அலை உடைகிற இடம் இருக்கிறது. 28 அடிப் படகு நிறைந்தால் உள்ளே உள்ள தண்ணீர் மட்டும் 5 டன்னுக்குக் குறையாது. அந்தக் கனம் உடைகிற அலைக்குள் போய்ச் சிக்கினால் யாராலும் பிடிக்க முடியாது. அணியத்திலிருந்து நங்கூரத்தைப் போட்டுக் கயிற்றை நீளமாக விட்டால் படகு நிற்கும். அதோடு முகத்தை அலைக்குக் காட்டியபடி நிற்கும். பக்கவாட்டில் அலை வாங்குகிற படகை எத்தனை பேர் சேர்ந்தாலும் வெறுமையாக்க முடியாது.

வலை ஏன்? நனைந்த வலை கனம். அதைவிட, தண்ணீர் நிறைந்த படகுக்குள் மிதக்கிற வலை காலைச் சுற்றும். மாமாவும் பங்காளியும் அதன் மிதவைகளோடு ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் படகில் முடிந்து, மொத்தத்தையும் கடலில் தள்ளினார்கள். புது வலை. மாமாவின் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு அதிர்ச்சி. "இறங்கு" என்றார் தாத்தா. மிதக்கிற ஒன்றை விட்டுக் கடலில் இறங்கு என்று ஒருவர் சொன்னால் உடம்பு கேட்காது. நாலு பேரும் இறங்கினோம். இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம், விளிம்பைப் பிடித்தபடி. எங்கள் எடை போனதும் படகு நாலு விரல் மேலே வந்தது. நாலு விரல்தான். ஆனால் விளிம்பு கடலுக்கு மேலே வந்துவிட்டது. அதுவரை இல்லாத ஒன்று அப்போது இருந்தது: உள்ளே வேறு, வெளியே வேறு என்கிற வித்தியாசம்.

பிறகு ஆட்டம் தொடங்கியது. தாத்தா ஏலேலோ பாடவில்லை. சும்மா "இப்போது… விடு… இப்போது… விடு" என்று அலைக்கு அலை சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்தவர்கள் விளிம்பை அழுத்துவோம். உள்ளே உள்ள தண்ணீர் இந்தப் பக்கம் ஓடிவந்து விளிம்பைத் தாண்டிக் கொட்டும். கொட்டியவுடன் விட்டுவிடவேண்டும். ஒரு நொடி தாமதித்தால் கொட்டிய வழியாகவே கடல் உள்ளே வந்துவிடும். அப்புறம் அந்தப் பக்கம். தொட்டிலை ஆட்டுவதுபோல. படகுக்குள் 5 டன் தண்ணீர் ஓடுகிற ஓட்டத்தையே வேலைக்காரனாக வைத்துக்கொள்கிற வித்தை அது. நான் கேனால் இறைத்தால் ஒரு முறைக்கு நாலு லிட்டர். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் குடம் குடமாய்ப் போனது. பதினைந்து நிமிடத்தில் விளிம்பு கடலுக்கு மேலே ஒரு சாண் வந்துவிட்டது.

"இப்போது நீ ஏறு" என்றார். நாலு பேரில் நான்தான் எடை குறைந்தவன். நான் ஏறுகிற பக்கம் படகு சாயாமல் இருக்க எதிர்ப்பக்கத்தில் மூன்று பேரும் தொங்கினார்கள். ஏறியவுடன் நிற்காதே, நடுவில் உட்கார் என்றார்கள். ஏன் என்று தெரிய வேண்டுமானால் அகலமான தாம்பாளத்தில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றித் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்தால் தாம்பாளமும் அதே பக்கம் சாயும். சாய்ந்ததால் இன்னும் தண்ணீர் அங்கேயே ஓடும். பாதி நிறைந்த படகு முழுதும் நிறைந்த படகைவிடத் துரோகி. முழுதும் நிறைந்தது சும்மா கிடக்கும். பாதி நிறைந்தது கவிழ்வதற்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கும்.

அப்போதுதான் கேன். 5 லிட்டர் எண்ணெய்க் கேனின் அடிப்பாகத்தைச் சாய்வாக அறுத்து, கைப்பிடியை மட்டும் விட்டு வைத்தால் அதுபோல ஒரு கருவி கடையில் கிடைக்காது. வாளி படகின் வளைந்த தரையில் உட்காராது. இது வழித்து எடுக்கும். மூடியை இறுக்கி மூடியிருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. (மறந்து பார்த்தவன் சொல்கிறேன்.) ஒரு நிமிடத்துக்கு இருபது முறை இறைத்தால் 80 லிட்டர். கணக்குக்கு அழகாக இருக்கிறது. ஐந்தாவது நிமிடத்தில் தோள் கழன்றுவிடும். சிறிது நேரத்தில் மாமா ஏறினார், பிறகு பங்காளி. தாத்தா கடைசிவரை தண்ணீரிலேயே விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அவருக்கு அது மரத்தில் இருப்பதுபோலவே இருந்தது என்று நினைக்கிறேன். ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

அன்றைக்குக் கரையில் நின்றவர்களில் ஒருவர், படகைத் தண்ணீரோடு அப்படியே இழுத்துக் கரை சேர்த்திருக்கலாமே என்றார். இதை இன்றும் பலர் சொல்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். கூடாது. ஆழமில்லாத இடத்தில் நிறைந்த படகை ஓர் அலை தூக்கி ஒரு முழம் தள்ளினால் போதும்; கரைப்பக்கம் நிற்பவனின் கால் போய்விடும். படகுக்கும் கரைக்கும் நடுவில் மனிதன் நிற்கக்கூடாது, கடல்பக்கம்தான் நிற்கவேண்டும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவசரத்தில் பெரியவர்கள்தான் மறப்பார்கள். டிராக்டர் கட்டி இழுத்தால் மனிதன் தப்பிப்பான், படகின் அடிமரம் பிளக்கும்.

சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முந்தைய காலத்தை அப்புறம் படித்தபோது இந்த மூன்று அலைகள் நினைவுக்கு வந்தன. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகள்தான் அலைக்குள் கொண்டுவந்தன. ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு. அலை அடித்தால் உடையாமல் வளைந்துகொடுக்கும். தைத்த படகு ஒழுகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்; அதனால் துடுப்புப் போடுபவர்களோடு தண்ணீர் இறைப்பதற்கென்றே ஆளும் இருப்பார். ஒழுகாத படகு வேண்டும் என்று அவர்கள் ஆசைப்படவில்லை, இறைக்க ஓர் ஆளை வைத்துக்கொண்டார்கள். அதோடு, படகு கவிழ்ந்தால் ஆட்களை எடுக்கக் கட்டுமரக்காரர்கள் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருப்பார்கள். தாத்தாவிடம் இதைச் சொன்னேன். "பிறகு? தொட்டியை நம்பியா போவார்கள்?" என்றார்.

எஞ்சின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் புகுந்த டீசல் எஞ்சினை உடனே சுழற்றி ஓட்டிப் பார்க்கக்கூடாது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது வேகமாகச் சுற்றினால் உள்ளே பிஸ்டனோடு இணைந்திருக்கும் கம்பி வளையும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுற்றினால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். எண்ணெய் பால் நிறத்தில் மாறியிருந்தால் முழுதும் வடித்துவிட்டுப் புது எண்ணெய். இதையெல்லாம் அன்றே செய்யவேண்டும். உப்புத் தண்ணீருக்குள் இருக்கும்வரை இரும்பு ஓரளவு தாங்கும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் துரு ஓட ஆரம்பித்துவிடும். உடனே பிரிக்க ஆள் கிடைக்காவிட்டால் நல்ல தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைப்பதே மேல்.

அந்தப் படகில் இன்னொரு விஷயம் நான்கு வருடம் கழித்துத் தெரிந்தது. வருடத்துக்கு வருடம் அமரம் தாழ்ந்துகொண்டே போனது. பெட்டியை அறுத்துப் பார்த்தால், நுரை என்று சொல்லித் துண்டுதுண்டான தெர்மோகோலை அள்ளிப் போட்டு மேலே ஃபைபரை மூடியிருந்தார்கள். மயிரிழை விரிசல் வழியே தண்ணீர் புகுந்து, துண்டுகளுக்கு நடுவில் தேங்கி நின்றது. வடிய வடிய மூன்று குடம். யார் கட்டினார்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை. அன்று வந்து இறங்கிய வேகத்துக்கு எத்தனை படகு இப்படியோ. உங்கள் படகு காரணமில்லாமல் கனத்தால், பெட்டியைக் கையால் தட்டிப் பாருங்கள்.

இன்னொன்று கார்க். அமரத்தின் அடியில் கார்க்கால் அடைத்த ஒரு துளை இருக்கும். கரையில் ஏற்றியதும் அதைத் திறந்துவிட்டால் தேங்கியது வடிந்துவிடும். திரும்பக் கடலில் இறக்கும்போது மூட மறப்பவர்கள் உண்டு. ஓர் அங்குலத் துளை, ஓர் அடி ஆழத்தில் இருந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 லிட்டர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் 2 டன்னுக்கு மேல். வலையின் அடியில் சத்தமில்லாமல் ஏறும். என் அத்தை மகன் கார்க்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே மூன்று கிலோமீட்டர் போனவன். அவனுடைய திருமணத்தன்று நண்பர்கள் அதையே கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டார்கள்.

அதே அத்தை மகன்தான் போன ஐப்பசியில் தொலைபேசியில் கூப்பிட்டான். முகத்துவாரத்தில் கட்டியிருந்த படகு காலையில் காணவில்லை, கயிறு மட்டும் நேராகக் கீழே போகிறது என்றான். கடலும் இல்லை, அலையும் இல்லை. மழை மட்டும்தான் காரணம். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த அளவுப் படகுக்குள் 1 டன்னுக்கு மேல் தண்ணீர் சேரும். பத்து நாள் மழை. கடலுக்குப் போகவேண்டாம் என்ற எச்சரிக்கை இருந்ததால் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

நான் ஊருக்குப் போனபோது படகு நாலடித் தண்ணீருக்குள் சேற்றில் உட்கார்ந்திருந்தது. கிரேன் கொண்டுவரலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தேவையில்லை. தண்ணீருக்குள் இருக்கும் படகு பாதி எடைகூட இராது. அதற்குள் இருக்கும் தண்ணீருக்கு எடையே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம், வெளித் தண்ணீரின் மட்டத்துக்கு மேலே தூக்காதவரை. தூக்கினால்தான் டன் கணக்கு. நாலு காலி நீல டிரம்களை, நீர் வற்றியிருக்கும் நேரத்தில், அடிவழியே கயிறு ஓட்டி இரு பக்கமும் இறுக்கிக் கட்டினோம். 200 லிட்டர் டிரம் ஒன்று கிட்டத்தட்ட 200 கிலோவைத் தூக்கும். எங்கள் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இராது. அன்று அரை முழம் ஏறியிருக்கும். போதும். சேறு ஒரு பெரிய முத்தத்தின் சத்தத்தோடு படகை விட்டது. விளிம்பு வெளியே தெரிந்ததும் வயலிலிருந்து ஒருவர் கொண்டுவந்த பெட்ரோல் பம்பை வைத்தோம். உறிஞ்சும் குழாயின் வாயில் வலைத்துண்டும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டே இருந்தன. குழாயை ஒரு மூங்கில் கூடைக்குள் வைத்துக் கூடையைத் தண்ணீருக்குள் அமுக்கியதும் சரியானது.

தாத்தா கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே முழங்காலளவு தண்ணீர் இருக்கும்போது திடீரென்று கையைத் தூக்கி, "நிறுத்து" என்று கத்தினார். கயிறு அறுந்துவிட்டதோ என்று எல்லோரும் பதறினோம். அவர் குச்சியால் படகுக்குள் காட்டினார். கலங்கிய தண்ணீரில் வெள்ளி மின்னியது. மூன்று மடவை மீன், கையகல நண்டு இரண்டு. மூழ்கிக் கிடந்த படகைக் குகை என்று நினைத்துக் குடிபுகுந்திருக்கின்றன.

மீதித் தண்ணீரைக் கேனால்தான் இறைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார், பம்பு மீனை நசுக்கிவிடும் என்று. இறைத்தோம். மீன் கரைக்கு வந்ததும் தாத்தாவே பங்கு போட்டார். பம்புக்காரருக்கு ஒரு மடவை. டிரம் கொடுத்தவருக்கு ஒரு நண்டு. படகுப் பங்கு ஒரு மடவை என்று எடுத்துத் தனியே வைத்தார். அத்தை மகன், "படகு என்ன வேலை செய்தது தாத்தா, மூழ்கித்தானே கிடந்தது?" என்று கேட்டான்.

"நீங்கள் எல்லோரும் வீட்டில் தூங்கியபோது மீன் பிடித்தது அதுதானே" என்றார்.